கீழே உட்காரலாம் என்று சொன்ன இடுப்பு

பெட்ஷீட்டை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நின்று உதற வேண்டும். நீளவாக்கில் மடித்ததும் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். மாமல்லபுரத்துக்கு வடக்கே கடற்கரையை ஒட்டியிருந்த ஒரு விடுதியின் துணி அறையில் நான் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். என்னோடு மடிப்பவள் என்னைவிடப் பத்து வயது சிறியவள். வாய் ஓயாது. நான் பேச வேண்டியதையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள் என்பதால் அவளோடு வேலை செய்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

ஒருநாள் முனைகளைச் சேர்க்க நான் நடந்து வந்தபோது அவள் துணியைப் பிடித்தபடியே தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இன்னாக்கா, புதுச் செருப்பா?"

துணி அறைக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. இருந்தும் நான் குனிந்து என் காலைப் பார்த்தேன்.

"அப்ப கத்தறது இன்னா?"

"தெரியலயே."

"மறுபடியும் நட."

நடந்தேன். துருப்பிடித்த கேட்டை மெல்லத் தள்ளினால் வருகிற மாதிரி ஒரு சின்ன முனகல். வலது காலை எடுத்து வைக்கும்போது மட்டும் வந்தது.

"உன் இடுப்புதாங்க்கா. எண்ணெ போடணும் போல கீது," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று முழுவதும் என் காது என் காலிலேயே இருந்தது.

என் வலது இடுப்பு மூட்டு நான் பிறந்தபோது இருந்தது அல்ல. சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம் வைத்தது. மூச்சு இளைப்புக்காகப் பல வருஷம் நானாகவே மருந்துக்கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட மாத்திரை, தொடை எலும்பின் தலைக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் கெடுத்திருக்கலாம் என்றார்கள். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் பந்துக் கிண்ண மூட்டு என்று ஒரு படம் இருக்கும். அதை வரைந்து பாகங்களைக் குறித்து நான் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்தப் பந்து எனக்குள் நொறுங்கிப் போயிருந்தது. நாற்பதுகூட ஆகாத வயதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

என் கணவருக்கு மறைமலைநகரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. கம்பெனி காப்பீடு இருந்ததால் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் மேசைமேல் இரண்டு மாதிரிகளை எடுத்து வைத்தார். ஒன்றில் சின்ன உலோகப் பந்து, வெள்ளை பிளாஸ்டிக் கிண்ணம். மற்றொன்றில் பந்தும் பெரியது, கிண்ணமும் உலோகம். இரண்டும் கண்ணாடி போலப் பளபளத்தன.

"பிளாஸ்டிக் கிண்ணம் வெச்சா கட்டில், நாற்காலி, வெஸ்டர்ன் டாய்லெட். சம்மணம் போடக் கூடாது, குத்துக்கால் போடவே கூடாது," என்றார். "இந்தப் பெரிய பந்து புதுசு. நழுவாது. கீழ உட்காரலாம். நம்ம ஊர்க்காரங்களுக்கு ஏத்தது."

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. எங்கள் வீட்டுக் கழிப்பறை குத்துக்கால் போடுகிற கழிப்பறை. துணி அறையில் மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து, டிபன் பாக்ஸ்களை நடுவில் வைத்துச் சாப்பிடுவோம். எல்லாவற்றையும்விட, எங்கள் சபை. திருக்கழுக்குன்றத்தில் எங்கள் தெருக் கோடியில் இருக்கிற சின்ன ஆலயம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பாயில்தான் உட்காருவோம். பின்சுவரை ஒட்டி முடியாதவர்களுக்காகச் சில நாற்காலிகள் கிடக்கும். நாற்காலிக்குப் போய்விட்டால் அடுத்த வாரமே ஜெபக் குறிப்பில் வந்துவிடுவோம். பெயரைச் சொல்லி, எந்தக் கால், எந்த இடுப்பு என்று சொல்லி, எல்லோரும் சத்தமாக ஜெபிப்பார்கள். அன்பினால்தான் செய்வார்கள். ஆனால் நாலு பேர் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தாலே எனக்கு வியர்த்துவிடும்.

என் கணவரின் கணக்கு வேறு.

"பிளாஸ்டிக்கா? எங்க வூட்ல வாளியே ஆறு மாசம் தாங்க மாட்டேங்குது சார். இரும்பே வெச்சிருங்க."

"இரும்பு இல்ல. கோபால்ட், குரோமியம்னு ஒரு கலவை."

"எதுவோ ஒண்ணு. எவர்சில்வர் மாதிரிதான?"

டாக்டர் சிரித்தார். "அப்படி வெச்சுக்கலாம்."

எங்கள் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் குடம் நெளியாமல் இருந்தது. எத்தனையோ பிளாஸ்டிக் குடங்கள் ஒழுகிக் குப்பைக்குப் போய்விட்டன. எங்களுக்குத் தெரிந்த பொருள்களை வைத்து நாங்கள் எடை போட்டோம். எத்தனை வருஷம் வரும் என்று கேட்டதற்கு, "நல்லா வரும்னு எதிர்பார்க்கிறோம். புதுசுங்கறதால நீண்ட காலக் கணக்கு இனிமேதான் வரணும்," என்று டாக்டர் சொன்னதும் நினைவிருக்கிறது. அதை நாங்கள் காதில் வாங்கிக்கொண்டோம், மனதில் வாங்கவில்லை.

முதல் இரண்டு வருஷத்தைக் குறை சொல்லமாட்டேன். டாக்டர் சொன்னது போலவே கீழே உட்கார்ந்தேன். நான் முதன்முதலாகத் தரையில் உட்காரப் போன அன்று, என்னோடு துணி மடிக்கும் என் கூட்டாளி துணி அறைக் கதவைத் திறந்து, "ஏய், எல்லாரும் வாங்க, அக்கா குந்தப் போவுது," என்று கூவி, சலவைப் பக்கத்து ஆண்களைக்கூட வரவழைத்துவிட்டாள். நான் வெட்கத்தில் மறுபடி எழுந்து நின்றேன். அவர்கள் போன பிறகுதான் உட்கார்ந்தேன். சபையில் பழைய இடத்தில், தூணுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் பாயில் இருந்தேன். அது எனக்குப் பெரிய சந்தோஷம்.

பிறகுதான் அந்தச் சத்தம். சில நாள் வரும், சில நாள் வராது. சத்தத்துக்குப் பின்னால் வலி வந்தது. கூர்மையான வலி இல்லை. தொடை இடுக்கில் எதையோ வைத்துத் தைத்துவிட்ட மாதிரி ஒரு அழுத்தம். உட்கார்ந்தால் எழத் தோன்றும். எழுந்தால் நடக்கத் தோன்றும். நடந்தால் சத்தம் கேட்கிறதா என்று நிற்கத் தோன்றும். சோற்றுக்கு உலை வைத்துவிட்டு வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டே இருப்பேன்.

"இன்னா, வாட்ச்மேன் வேலைக்குச் சேந்துட்டியா? வூட்டையே சுத்திகினு கீற," என்றார் என் கணவர்.

"சும்மாதான்."

"சும்மான்னா ஒரு எடத்துல குந்தேன். பாக்கற எனக்கே தல சுத்துது."

சென்னை டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். "அருமையா இருக்கு. வெச்ச இடத்துலயே இருக்கு," என்றார். சத்தம் சிலருக்கு வரும், பயப்பட வேண்டாம் என்றார். வலி எங்கே என்று கேட்டபோது அவருக்குப் பின்னால் இளம் டாக்டர்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். நான் கூச்சத்தில் இடுப்பின் பக்கவாட்டில் கையை வைத்தேன். அங்கே தட்டிப் பார்த்தார், வலிக்கவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தார். சில மாதம் கழித்து மறுபடி போனோம். அதே எக்ஸ்ரே, அதே அருமை.

அந்த இரண்டாவது தடவை, காத்திருக்கும் கூடத்தில் நான் எழுந்து நடந்தபோது ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பெரிய மீசை, கட்டை விரலில் வெள்ளி மோதிரம்.

"தங்கச்சி, உனக்கும் பெரிய குண்டா?"

என் கணவர்தான் ஆமாம் என்றார். அவர் கடப்பாக்கத்துக்காரர், கரையில் மீன் ஏலம் விடுகிறவர். எனக்கு வைத்த அதே மாதிரி மூட்டை எனக்கு முன்பே வைத்துக்கொண்டவர். வருஷாந்தரப் பரிசோதனைக்கு வந்திருந்தார்.

"உங்களுக்குச் சத்தம் வருதாண்ணா?" என்று என் கணவர் கேட்டார்.

"நான் ஏலம் கூவுற கூவுல இடுப்பு கத்துனா எவனுக்கு மச்சான் கேக்கும்?"

சொல்லிவிட்டு அந்தக் கூடத்தின் நடுவிலேயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து காட்டினார். நர்ஸ் வந்து, "பெரியவரே, இது ஆஸ்பத்திரி," என்று அதட்டினாள். "அதான்மா காட்டிகினு கீறேன்," என்றார். என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்று வீடு திரும்புகிற வரை அவர் முகத்தில் நிம்மதி இருந்தது. நான் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் ஒருக்களித்து உட்கார்ந்து வந்தேன், நேராக உட்கார முடியவில்லை.

செங்கல்பட்டில் ஒரு சின்ன மருத்துவமனைக்கு வாரம் ஒருநாள் ஒரு டாக்டரம்மா வருகிறார், எலும்புக்குத்தான், என்று என் கூட்டாளி கேள்விப்பட்டு வந்து சொன்னாள். "பொம்பள டாக்டருக்கா. நீ வாயத் தொறக்க வேணாம், அவங்களே கண்டுபிடிப்பாங்க." போனேன். அவர் எங்கே வலி என்று கேட்கவே இல்லை. படுக்க வைத்து, முழங்காலை மடக்கி உள்பக்கம் திருப்பினார். நேராகத் தொடை இடுக்கில் விரலை வைத்து, "இங்கதானே?" என்றார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வலியினால் மட்டும் இல்லை.

ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார். முடிவு வர நாளாயிற்று. வந்ததும் என் கணவரையும் அழைத்துவரச் சொன்னார்.

"பந்தும் உலோகம், கிண்ணமும் உலோகம். ரெண்டும் உரசிக் கண்ணுக்குத் தெரியாத தூள் உதிருது. அந்தத் தூளைச் சுத்தியிருக்கற சதை தாங்கல. நீர் கோத்திருக்கு. இரத்தத்துலயும் அந்த உலோகம் இருக்க வேண்டிய அளவுக்கு மேல இருக்கு."

"எக்ஸ்ரேல ஒண்ணுமே இல்லன்னாங்களே டாக்டர்," என்றார் என் கணவர்.

"எக்ஸ்ரேல எலும்பு தெரியும், உலோகம் தெரியும். கெட்டுப்போற சதை தெரியாது."

"வெச்ச எல்லாருக்கும் இப்படி ஆவுமா?"

"இல்ல. நிறையப் பேர் நல்லா இருக்காங்க. ஆனா நினைச்சதைவிட அதிகம் பேருக்குக் கெட்டுப்போகுதுன்னு இப்பதான் வெளிநாட்டு டாக்டருங்க பேச ஆரம்பிச்சிருக்காங்க. பெண்களுக்கு, அதுவும் சின்ன சைஸ் வெச்சவங்களுக்கு, கூடுதலா வருதாம்."

"நம்ம ஊர்ல எத்தினி பேருக்கு?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "தெரியாது. யாருக்கு வெச்சாங்க, யாருக்குக் கெட்டுச்சுன்னு ஒரே இடத்துல எழுதி வைக்கற ஏற்பாடு இங்க இல்ல. அந்த ஊர்கள்ல எண்ணினாங்க, அதனால தெரிஞ்சுது."

வலியைவிட அது என்னைப் படுத்தியது. அதற்குப் பிறகு பஸ் நிலையத்தில், சந்தையில், யாராவது காலைச் சாய்த்து நடந்தால் பின்னாலேயே என் கண் போகும். கேட்கவும் வாய் வராது. இவர்களில் யார் நல்லா இருக்கும் நிறையப் பேர், யார் கெட்டுப்போன சிலர்? எண்ணாத ஊரில் நான் எந்தக் கணக்கிலும் இல்லை. நான் சத்தம் போடாமல் இருந்தால் எனக்கு ஒன்றுமே ஆகவில்லை என்றாகிவிடும்.

செய்யக்கூடியது இரண்டுதான் என்றார் டாக்டரம்மா. எடுத்துவிடலாம். அல்லது சில மாதத்துக்கு ஒரு தடவை சோதித்துக்கொண்டு காத்திருக்கலாம். காத்திருந்தால் சதை இன்னும் அழியலாம், பிறகு வேறு மூட்டு வைத்தாலும் பிடித்து நிறுத்த ஆதாரம் இருக்காது. எடுப்பதென்றால் அது முதல் ஆபரேஷனைவிடப் பெரியது, கொஞ்சம் நொண்டல் தங்கிவிடலாம். வைக்கப்போவது பிளாஸ்டிக் கிண்ணம்.

"கீழ உக்காரலாமா டாக்டர்?" என்று என் கணவர்தான் கேட்டார்.

"அதை மறந்துடுங்க."

வீட்டில் அதுவே பேச்சு. அவருக்குக் காத்திருக்க வேண்டும். நன்றாகப் பதிந்திருப்பதை உடைத்து எடுப்பார்களே என்ற பயம், நான் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம். அதையெல்லாம் அவர் பயம் என்று சொல்லவில்லை. "அந்தக் கடப்பாக்கத்து அண்ணாத்த சிங்கம் மாதிரி கீறாரு, அவருக்கும் இதான," என்பார். நான் எழுந்து நடப்பேன். எனக்கும் முடிவெடுக்கத் தைரியம் இல்லை. பாயில் உட்கார்ந்த அந்த இரண்டு வருஷம் போய்விடுமே என்று இருந்தது. ஒருநாள் காலை எடுக்கலாம் என்று நினைப்பேன், குளித்துவிட்டு வருவதற்குள் வேண்டாம் என்று நினைப்பேன்.

கடைசியில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், "வா, அவர நேர்லயே பாத்துட்டு வந்துரலாம்," என்று என் கணவர் என்னைக் கடப்பாக்கத்துக்கு அழைத்துப் போனார். மாமல்லபுரம் போய்ப் பஸ் மாறி, கடற்கரைச் சாலையில் தெற்கே நெடுந்தூரம். நான் பாதித் தூரம் கம்பியைப் பிடித்து நின்றே வந்தேன். கண்டக்டர், "எடம் கீதே, குந்தும்மா," என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

ஏலக்காரர் கரையில்தான் இருந்தார். அன்றைய மீன் எல்லாம் போய், கூடைகளை அலசிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும், "வா மச்சான், இன்னா சேதி," என்று மணலில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். என் கணவரும் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவர் மீசையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"எனக்கு ஒரு பேஜாரும் இல்லப்பா. படகுல ஏறுறேன், எறங்குறேன்."

"ஒரு தடவ ரத்தம் பாருங்களேண்ணா," என்றேன். எப்படி என் வாயில் வந்தது என்று தெரியவில்லை.

"எதுக்கு தங்கச்சி? நல்லாகீற ஒடம்பக் குத்திப் பாத்தா அவன் ஏதாச்சும் சொல்லத்தான் செய்வான்."

அவர் மனைவி டீயோடு வந்தார். நான் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து, ஏலக் கொட்டகையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துவந்து மணலில் போட்டார். போட்டுவிட்டு அவர் கீழே உட்கார்ந்துகொண்டார். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர்கள் மூன்று பேரும் கீழே, நான் மட்டும் மேலே. டீயை ஒரு வாய் குடித்த பிறகுதான், நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லையே என்று உறைத்தது. மணலில் உட்காரலாம் என்ற நினைப்புகூட வரவில்லை. அன்று காலை ஆலயத்திலும் நின்றுகொண்டேதான் இருந்தேன், குழந்தை அழுகிறது என்று வெளியே போகிறவர்களோடு கதவோரமாக. துணி அறையில் மேசை விளிம்பில் சாய்ந்தபடி சாப்பிட்டு எத்தனை மாதமாயிற்று. எதை இழந்துவிடுவேன் என்று பயந்துகொண்டிருந்தேனோ அது ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

ஏலக்காரர் கையை ஊன்றாமல் எழுந்தார். "பாத்தியா," என்று என் கணவர் என் பக்கம் திரும்பினார்.

"பாத்தேங்க. அவருக்கு நல்லாகீது. எனக்கு நல்லா இல்ல. எடுத்துரலாம்."

"சரி, வூட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"வூட்ல பேசறதுக்கு இன்னா கீது? இன்னும் எத்தினி பேரக் காட்டுனாலும் எனக்கு வலிக்கறது வலிக்கறதுதான்."

வெளி ஆட்கள் முன்னால் நான் அவருக்கு எதிர்ப்பேச்சு பேசியது அதுதான் முதல் தடவை. அவர் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏலக்காரர்தான் அவர் தோளில் தட்டினார்.

"வுடு மச்சான். ஏலம் முடிஞ்சுபோச்சு."

ஆபரேஷனைச் சென்னையில் அந்த டாக்டரம்மாவே செய்தார். திறந்ததும் பழுப்பாக நீர் வந்தது என்றார். காலைப் பக்கவாட்டில் தூக்குகிற தசையில் ஒரு பகுதி போய்விட்டது, மீதியைக் காப்பாற்றித் தைத்திருக்கிறேன் என்றார். இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் கேட்கவில்லை. எடுத்த பந்தையும் கிண்ணத்தையும் என் கணவருக்குக் காட்டினார்களாம். "தேஞ்ச மாதிரியே தெரியல. வெச்ச அன்னிக்கு மாதிரியே மினுக்குது. எங்க கம்பெனில நானே பாஸ் பண்ணி அனுப்பிருப்பேன்," என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மினுமினுப்பு அவரைத் தொந்தரவு செய்தது. எவர்சில்வர் பாத்திரங்களைத் துலக்கும்போது எனக்கும் செய்தது.

தழும்பு ஆற, நடக்கப் பழக, பல மாதம் ஆயிற்று. நொண்டல் கொஞ்சம் தங்கிவிட்டது. வேலைக்குத் திரும்பியபோது என் கூட்டாளி, "நீ நில்லுக்கா, நான் வர்றேன்," என்று என் பங்கு நடையையும் சேர்த்து அவளே நடந்து வந்து முனைகளைச் சேர்த்தாள். சபையில் நாற்காலிக்குப் போனேன். நினைத்தபடியே ஜெபக் குறிப்பில் வந்தேன். பெயர் சொன்னபோது குனிந்துகொண்டேன். அது ஒன்றும் ஆளைக் கொன்றுவிடவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த முதல் இரத்தச் சோதனையின் முடிவு வந்த அன்று இருவரும் செங்கல்பட்டுக்குப் போனோம்.

"இறங்கியிருக்கு," என்றார் டாக்டரம்மா. "இன்னும் இறங்கும்."

"முழுசா எப்ப போவும்?" என்று கேட்டேன்.

"அதை நான் உறுதியாச் சொல்ல முடியாது. இறங்குது, அதுதான் இப்ப முக்கியம்."

"எறங்குதுல்ல, வுடு," என்றார் என் கணவர், வெளியே வந்ததும். அவர் அன்று நன்றாகச் சாப்பிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்குகிறது என்றால் இன்னும் இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

மறுநாள் என் கணவரின் செல்போனை வாங்கிக் கடப்பாக்கத்துக்கு நானே பேசினேன். யாருக்கும் நானாகப் போன் செய்து பழக்கமில்லை. எனக்குக் குறைந்திருப்பதைச் சொன்னேன். நீங்களும் ஒரு தடவை வாருங்கள் அண்ணா, வலி இல்லாவிட்டாலும் சிலருக்கு உள்ளே கெடுகிறதாம், பார்த்து நன்றாக இருந்தால் நல்லதுதானே என்றேன். எழுதி வைத்துப் படிக்கிற மாதிரி வந்தது.

"நான் நல்லாதான் கீறேன் தங்கச்சி," என்றார். பின்னால் கரையின் இரைச்சல் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த டாக்டரம்மா எந்தக் கெழமை வருது?" என்றார்.

"வியாழக்கிழமைண்ணா."

"சும்மா கேட்டேன்," என்று வைத்துவிட்டார்.

அடுத்த வியாழக்கிழமை துணி அறையில் எனக்கு வேலை ஓடவில்லை. செல்போன் என் கணவரிடம், அவர் மறைமலைநகரில். சாயங்காலம் அவர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் இடத்துக்கே போய் நின்றுகொண்டேன். கடப்பாக்கத்திலிருந்து யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.